கொண்டை ஊசி டப்பா யார் கையில்? போட்டிக்கு வயசு வராத குட்டி ஜிம்னாஸ்டுகளுக்காக ஓர் அக்காவின் டிப்ஸ்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஜிம்னாஸ்டிக்ஸ் கிளாஸுக்குப் போனோம். ஒன்று நான். இன்னொன்று என்னைவிட எட்டு வயசு சின்னவளான என் தங்கச்சி. வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. நான் மாவட்டப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தபோது அவளுக்கு ஐந்தரை வயசு. கிளாஸில் பெரியவள், சின்னவள் என்ற பிரிவே இல்லை. ஒன்றாகத்தான் வார்ம் அப் ஓடுவோம், ஒன்றாகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ப்ளிட்டில் உட்காருவோம், ஒரே சாக் பவுடர் தொட்டியில்தான் கையை விடுவோம்.

ஒருநாள் கோச், போட்டிக்குப் போகிறவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டினார். பாப்பா அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள். பட்டியலின் தலையிலிருந்து கால் வரைக்கும் விரல் வைத்துத் தேடினாள். அடிக்கு வந்ததும் மறுபடி மேலே போனாள். மூன்றாவது முறையும் தேடிவிட்டு என் டி-ஷர்ட்டைப் பிடித்து இழுத்து, "அக்கா, என் பேரை எழுத மறந்துட்டாங்க. நீ போய் சொல்லு" என்றாள்.

மறக்கவில்லை, உனக்கு வயசு வரவில்லை என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரு கப் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். போட்டிக்கு முந்தின நாள் வரைக்கும் தன் பெயரை யாரோ சேர்த்துவிடுவார்கள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். போட்டி அன்று காலையில் அவள் அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த இரண்டரை வருஷத்தில், அவளோடு சேர்ந்து நான் கற்றுக்கொண்டவைதான் இவை. உங்கள் வீட்டிலும் ஒரு குட்டி லியோடார்டைப் போட்டுக்கொண்டு, பட்டியலில் பெயர் இல்லாமல் நிற்கிறதென்றால், இவை உதவும்.

முதலில் உண்மை, அதுவும் முன்கூட்டியே

போட்டி அறிவிப்பு வந்த அன்றே சொல்லிவிடுங்கள். சுவரில் பட்டியல் ஏறும்வரை காத்திருக்காதீர்கள். "நீ சின்னக் குழந்தை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நேற்றுவரை தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, அக்காவோடு சமமாகக் கார்ட்வீல் போட்ட பிள்ளைக்கு அந்த வார்த்தை, "உனக்கு ஒன்றும் வராது" என்றுதான் கேட்கும். "உன் கார்ட்வீல் நல்லா இருக்கு. இந்தப் போட்டிக்கு ஒரு பிறந்த தேதி வச்சிருக்காங்க. உன் பிறந்த தேதி அதுக்கு அப்புறம் வருது" என்று சொல்லுங்கள். திறமை வேறு, தேதி வேறு. இதை அவள் மனசில் முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டால் பாதி அழுகை குறையும்.

காலண்டரை எடுத்து வந்து காட்டுங்கள். நாங்கள் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாளை ஒட்டி, அவள் பிறந்த வருஷத்தையும், போட்டி கேட்கும் வருஷத்தையும் எழுதி, நடுவில் எத்தனை பிறந்தநாள் என்று கட்டம் போட்டோம். வயசுக் கணக்கு போட்டிக்குப் போட்டி மாறும். அறிவிப்பை நீங்களே ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். நிச்சயமாகத் தெரியாமல் "அடுத்த வருஷம் கண்டிப்பா நீதான்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் வாக்கை மறக்கவே மாட்டார்கள்.

"ஏன் அப்படி ஒரு தேதி?" என்று கட்டாயம் கேட்பாள். பதில் வைத்துக்கொள்ளுங்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு, அதன் முனைக்குப் பக்கத்தில்தான் நீளுகிறது. அந்த இடம் முற்றின எலும்பைப் போலக் கெட்டியாக இருக்காது. ஹேண்ட்ஸ்டாண்டிலும் கார்ட்வீலிலும் உடம்பின் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்குவதால், அளவுக்கு மீறிப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளுக்கு அங்கே வலி வரலாம். போட்டி என்று வந்துவிட்டால் பயிற்சி நேரம் தானாக ஏறும், மனசின் மேலும் பாரம் ஏறும். பாப்பாவிடம் இதை இப்படியெல்லாம் சொல்ல முடியுமா? பாட்டி பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தார். அது முழங்கால் உயரம் வருகிறவரை யாரையும் ஓர் இலை பறிக்க விடமாட்டார். "அந்தக் கன்னு மாதிரிதான் உன் கை. இப்பவே பறிச்சா அப்புறம் தழைக்காது" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நாள் கிளாஸில் இன்னொரு குட்டியிடம் தன் மணிக்கட்டைக் காட்டி, "இது கறிவேப்பிலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆட்களும் காத்திருந்தவர்கள்தான் என்று கதையாகச் சொல்லுங்கள். சிமோன் பைல்ஸ் 1997 மார்ச்சில் பிறந்தவர். ஒலிம்பிக்கில் ஆட, அந்த வருஷத்துக்குள் 16 வயசு நிறைய வேண்டும். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் நடந்தபோது அவருக்கு 15 வயசுதான். அதனால் அங்கே ஆட வழியே இல்லை. அடுத்த வருஷமே உலகச் சாம்பியன் ஆனார். 2016 ரியோவில் நான்கு தங்கம், ஒரு வெண்கலம். பாப்பா இந்தக் கதையைத் தூங்கப்போகும் முன் எத்தனை இரவு கேட்டிருப்பாள் என்று கணக்கே இல்லை. ரியோ மெடல்களைவிட அவளுக்குப் பிடித்தது லண்டன்தான். "அன்னிக்கு அவங்க வீட்ல உக்காந்து என்ன பண்ணியிருப்பாங்க?" என்று கேட்பாள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

அக்காவாக இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் சொல்லியாக வேண்டும். "பிறந்த சர்டிஃபிகேட்டுல ஒரு வருஷம் முன்னாடி போட்டுக்கலாம்மா, யாரு பாக்கப் போறா" என்று எங்கள் அம்மாவிடமே ஒருவர் சொன்னார். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். செய்யவே செய்யாதீர்கள். சீனாவின் டோங் ஃபாங்ஷியாவ் 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆடியபோது உண்மையில் அவருக்கு 14 வயசுதான் என்று பிற்பாடு தெரியவந்தது. 2010-ல் அந்த அணியின் வெண்கலத்தையே பறித்துவிட்டார்கள். கூட ஆடிய மற்றப் பெண்களின் மெடலும் சேர்ந்தே போயிற்று. மாவட்டப் போட்டியிலும் கதை இதுவேதான். அதோடு, "நான் இருக்கிற வயசு போதாது, பொய்யான வயசுதான் வேணும்" என்று ஆறு வயசுப் பிள்ளை கற்றுக்கொள்வதைவிடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது?

நேரம் போய்விடுமோ என்ற பதற்றமும் வேண்டாம். திரிபுராவின் தீபா கர்மாகர் 2016 ரியோவில் வால்ட்டில் நான்காவதாக வந்து, வெண்கலத்தைக் கொஞ்சத்தில் விட்டவர். 2024-ல் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம் வாங்கியபோது அவருக்கு 30 வயசு. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சூசோவிதினா தன் எட்டாவது ஒலிம்பிக்கை டோக்கியோவில் ஆடியபோது அவருக்கு 46. உங்கள் பிள்ளைக்கு ஆறுதான்.

கையில் ஒரு வேலை, அதுவும் நிஜமான வேலை

எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

"நீதான் எங்க சியர் லீடர்" என்று சொல்லி ஒரு கொடியைக் கையில் கொடுத்து கேலரியில் உட்கார வைப்பது வேலை இல்லை. நாங்கள் அதைத்தான் முதலில் செய்தோம். பத்து நிமிஷத்தில் கொடியை மடியில் வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தான் இல்லாவிட்டாலும் அந்தக் கொடி ஆடும் என்று அவளுக்குத் தெரியும். தான் செய்யாவிட்டால் நின்றுபோகிற வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். பிள்ளைகள் அந்த வித்தியாசத்தை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

எங்களுக்கு அது கொண்டை ஊசியில் கிடைத்தது. போட்டி என்றால் முடியை இறுக்கி வாரி, ஜெல் தடவி, கொண்டை போட்டு, வலை மாட்டி, சுற்றி ஊசி குத்த வேண்டும். என் முடிக்குப் பதினெட்டு ஊசி வேண்டும். ஓர் ஊசி நழுவி மேட்டில் விழுந்தால், அடுத்து வெறுங்காலோடு ஓடி வருகிற பெண்ணுக்குக் குத்தும். அதனால் போடும்போது எண்ண வேண்டும், கழற்றும்போதும் எண்ண வேண்டும். பழைய பெப்பர்மின்ட் டப்பா ஒன்றைப் பாப்பாவிடம் கொடுத்து, "பதினெட்டும் உன் பொறுப்பு" என்றேன்.

குரோம்பேட்டையிலிருந்து விடியற்காலை மின்சார ரயிலில் போவோம். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து டப்பாவை மடியில் கவிழ்த்து எண்ணுவாள். ஒருநாள் ஆட்டம் முடிந்து கழற்றியபோது பதினேழுதான் இருந்தது. நான் "பரவாயில்லை பாப்பா, போகலாம்" என்றேன். அவள் நகரவே இல்லை. என் டிராக் சூட்டின் தொப்பியைத் தலைகீழாக உதறி, பையைத் துழாவி, கடைசியில் என் பின்கழுத்தில் கையை விட்டு அந்தப் பதினெட்டாவது ஊசியை எடுத்தாள். அப்போது அவள் முகத்தில் தெரிந்ததை எந்த மெடலும் கொடுத்திருக்காது.

இன்னொரு வேலை எண்ணெய் பார்ப்பது. போட்டி அன்று தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. கை தலையில் பட்டு, அந்தக் கை பாரைப் பிடித்தால் வழுக்கும். சாக் பவுடர் போட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு முழுசாகப் போகாது. எங்கள் பாட்டிக்கு எண்ணெய் வைக்காத தலையைப் பார்த்தாலே மனசு ஆறாது. இரண்டு சொட்டாவது வைக்கப் பார்ப்பார். பாப்பா காலையிலேயே பாட்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொள்வாள். "இன்னிக்கு வேணாம் பாட்டி, அக்கா கை வழுக்கிடும்." பாட்டி அம்மா சொன்னால் கேட்கமாட்டார், பாப்பா சொன்னால் கேட்பார்.

போட்டி நடக்கிற தளத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். அதனால் கேலரியில் இருந்துகொண்டே செய்கிற ஒரு வேலையும் வேண்டும். ஒரு நோட்டை வாங்கி, பக்கத்துக்கு நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். பெண்களுக்கு வால்ட், பார்ஸ், பீம், ஃப்ளோர் என்று நான்கு. தம்பியாக இருந்தால் ஆறு கட்டம்: ஃப்ளோர், பொம்மல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார். படிக்கத் தெரியாவிட்டால் படம் வரையட்டும். பாப்பா பீமுக்கு ஒரு கட்டிலை வரைந்துவைத்தாள். யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள், மார்க் எவ்வளவு என்று குறிக்கச் சொன்னால், வெறுமனே உட்கார்ந்திருந்தவள் ஆட்டத்தைப் படிக்க ஆரம்பிக்கிறாள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். பீமிலிருந்து விழுந்தால் திரும்ப ஏறப் பத்து விநாடி கொடுப்பார்கள். பாப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன்: "யாராவது விழுந்தா நீ விரல் விட்டு எண்ணணும்." யாராவது என்றுதான் சொன்னேன். ஒரு மாவட்டப் போட்டியில் விழுந்தது நான். திரும்பும்போது கால் தப்பி, இடுப்பு பீமில் இடித்துக்கொண்டு கீழே வந்தேன். பீம் 125 சென்டிமீட்டர் உயரம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது அது ஒரு மாடி உயரம் போலத் தெரியும். கை நடுங்கியது. கேலரிப் பக்கம் தலை தானாகத் திரும்பியது. பாப்பா எழுந்து நின்றுகொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. வாய் மட்டும் அசைந்தது. மூன்று. நான்கு. நான் ஆறில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவள் நோட்டைப் பார்த்தேன். பீம் கட்டத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி வட்டம். விழுந்ததற்கு. அதன் மேலே கோணல் எழுத்தில் "6 ஏறிட்டா" என்று இருந்தது. விழுந்தால் ஒரு முழு மார்க் போகும். எனக்கும் போனது. அந்தப் பக்கத்தைக் கிழித்து என் பையிலேயே வைத்திருந்தேன்.

உடை, போட்டோ

போட்டிக்கு வாங்குகிற மினுமினுப்பு லியோடார்டைப் போலவே ஒன்றை அவளுக்கும் வாங்கிவிடாதீர்கள். விலையும் அதிகம், ஆறு மாசத்தில் சிறிசாகவும் போகும். அதைப் போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருப்பது வலியைக் கூட்டத்தான் செய்யும். அணியின் நிறத்தில் ஒரு சாதாரண டி-ஷர்ட் போதும். அணி முழுக்க ஒரே ரிப்பன் கட்டினால், அதில் ஒரு முழம் அவளுக்கும் கொடுங்கள். உங்கள் பழைய லியோடார்டைப் பயிற்சிக்குக் கொடுங்கள். அதை அவள் புதுசைவிடப் பெரிதாக நினைப்பாள்.

போட்டோவில்தான் நிறைய பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். ஒரு போட்டி முடிந்து எல்லாரும் பேனருக்கு முன்னால் நின்றோம். பாப்பாவும் ஓடி வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். படம் எடுக்க வந்த பொறுப்பாளர் ஒருவர், "ஆடாத பசங்க ஒதுங்குங்க" என்றார். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை, அவருக்கு நேரமாகிவிட்டது. பாப்பா எழுந்து ஒதுங்கி, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தை எங்கள் வீட்டில் யாரும் மாட்டவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். படம் எடுக்கும் முன்பே கோச்சிடம் போய், "சார், ரெண்டு படம் எடுத்துக்கலாமா? ஒண்ணு ஆடினவங்க, ஒண்ணு நம்ம கிளாஸ் முழுக்க" என்று கேட்டுவிடுவேன். இதுவரை எந்தக் கோச்சும் மாட்டேன் என்றதில்லை. முழு கிளாஸ் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவதாக வைத்தால் பாதிப் பேர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

ஹாலில் ஒரு போட்டி

வீட்டிலேயே அவளுக்கு ஒரு போட்டி வையுங்கள். சும்மா விளையாட்டாக இல்லாமல், முறையாக வையுங்கள். நிஜ பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம். எங்கள் ஹாலில் டிவி ஸ்டாண்டிலிருந்து அடுக்களை வாசல்வரை அளந்தால் மூன்றரை மீட்டர்தான் தேறியது. அகலத்தை மட்டும் ஸ்கேல் வைத்துச் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்கு இரண்டு கோடு இழுத்தோம். கலர் டேப்பைவிடச் சாக்பீஸ் நல்லது. கோட்டை மிதித்தால் உள்ளங்கால் வெள்ளையாகிக் காட்டிக்கொடுத்துவிடும், சண்டைக்கே இடமில்லை.

தரையிலேயே இருக்கிற அந்தப் பீமில் நடப்பது, நுனிக்காலில் திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது, நேராக ஒரு குதி, இவ்வளவு போதும். பாய் விரித்து ஒரு ஃபார்வர்டு ரோல். கோச் இல்லாத இடத்தில் பேக் ஃப்ளிப், சோமர்சால்ட் எதுவும் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடியில் வேண்டாம், கட்டில் மேல் வேண்டாம். ஸ்ப்ளிட்டில் உட்கார்ந்திருக்கும்போது காலை யாரும் அமுக்கக் கூடாது. சித்தப்பா வந்தாலும் விடாதீர்கள்.

முக்கியமாக, வணக்கம் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். ஆட்டத்தை ஆரம்பிக்கும் முன்னும் முடித்த பின்னும் நடுவர் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, முதுகை நிமிர்த்தி நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடியில்தான் ஒரு குழந்தை ஜிம்னாஸ்ட் ஆகிறாள் என்று எனக்குத் தோன்றும். பாப்பா அதைக் கண்ணாடி முன்னால் நின்று எத்தனை தடவை செய்திருப்பாள்! பள்ளிக்கூட வேனில் ஏறும் முன்கூட டிரைவர் அண்ணனுக்கு ஒன்று வைத்துவிட்டுத்தான் ஏறினாள்.

நடுவராகப் பாட்டியை உட்கார வைத்தோம். பாட்டி எல்லாவற்றுக்கும் சிலேட்டில் 10 எழுதினார். நான்காவது பத்து வந்ததும் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். "பாட்டி பாக்கவே இல்லை! நான் கோட்டை மிதிச்சேன்!" என்று வெள்ளைப் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். குழந்தைக்கு வேண்டியது புகழ்ச்சி இல்லை, யாராவது உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதுதான். பாட்டிக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தோம்: ஆடுகிற அழகுக்கான மார்க் 10-ல் ஆரம்பிக்கும். சின்னத் தப்புக்கு 0.1, நடுத்தரத் தப்புக்கு 0.3, பெரிய தப்புக்கு 0.5, விழுந்தால் 1. பிறகு பாட்டி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்து 9.2 போட்டார். அந்த 9.2-ஐப் பாப்பா அப்பா வீடு திரும்புகிறவரை அழிக்க விடவில்லை.

1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமானச்சி 14 வயசில் முழுப் பத்து வாங்கினார். பத்து வரும் என்று யாரும் எதிர்பார்க்காததால் ஸ்கோர் போர்டில் அதைக் காட்ட இடமில்லை. 1.00 என்றுதான் வந்தது. இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து பாப்பாவின் ஆசை 1.00 வாங்குவதுதான்.

கோச்சிடம் கேட்கக் கூடியவை

எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி மெடல் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆடாமல் கிடைத்த மெடலை ஆறு வயசுப் பிள்ளை இரண்டு நாள் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது நாள், "இது சும்மா கொடுத்தது" என்று அதுவே சொல்லிவிடும். அதற்குப் பதில் கற்றுக்கொண்டதற்கு அடையாளம் கொடுக்கச் சொல்லுங்கள். முழங்கை மடங்காமல் பிரிட்ஜ் போட்டாளா? ஹேண்ட்ஸ்டாண்டில் மூன்று விநாடி நின்றாளா? அதற்கு ஓர் அட்டை, ஒரு கையெழுத்து, தேதி. அது நிஜம். அது தங்கும்.

கிளாஸுக்குள் நடக்கும் சொந்தப் போட்டியாக இருந்தால், தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் குட்டிகளுக்கு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். வரிசையாக வந்து, வணக்கம் வைத்து, ஆளுக்கு ஒரு ரோல் போட்டுவிட்டுப் போகட்டும். மார்க் வேண்டாம். கைத்தட்டல் போதும். பெரிய போட்டிகளில் இதற்கு இடம் இருக்காது, அங்கே வற்புறுத்த வேண்டாம்.

போட்டி நாளில்

நாள் முழுக்க அவளை உட்கார வைக்காதீர்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி என்றால் காத்திருப்புதான் அதிகம். உங்கள் பிரிவு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, அதற்கு அரை மணி முன்னால் யாராவது கூட்டி வரட்டும். பையில் தயிர் சாதம், மாதுளை, தண்ணீர், ஒரு துண்டு இருக்கட்டும். உள்ளே சத்தம் காதைப் பிளக்கும், சில குழந்தைகளுக்கு அதுவே அழுகை வரவழைக்கும். ஃப்ளோர் ஆட்டத்தில் பாட்டு வரும்போது மட்டும் எல்லாக் குட்டிகளும் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

யாராவது சொந்தக்காரர் வந்து, "நீ ஏன்டி ஆடல? பயமா?" என்று கட்டாயம் கேட்பார். பதிலை முன்கூட்டியே அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவின் பதில்: "எனக்கு இன்னும் ரெண்டு பர்த்டே இருக்கு அத்தை." அதைச் சொல்லும்போது இரண்டு விரலையும் காட்டுவாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் அழுவாள். அழட்டும். "அழாதே, எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். "எனக்கும் ஆடணும்" என்றால், "ஆமா பாப்பா, உனக்கு ஆடணும்னுதான் இருக்கு" என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். ஒரு போட்டிக்கு வரவே மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பாப்பா ஒரு தடவை அப்படித்தான் வீட்டில் பாட்டியோடு தங்கிவிட்டாள். டப்பாவை மட்டும் என்னிடம் கொடுத்து, பதினெட்டும் இருக்கிறதா என்று என்னையே எண்ண வைத்தாள்.

நீங்கள் ஜெயித்துவிட்டு வந்தாலும் தோற்றுவிட்டு வந்தாலும், அன்று இரவு முதலில் அவள் நோட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் கதையை அப்புறம் சொல்லலாம்.

வயசு வந்த பிறகு

வயசு வந்துவிட்டால் உடனே பெயர் கொடுத்துவிடாதீர்கள். அவளைக் கேளுங்கள். இரண்டரை வருஷம் காத்திருந்ததற்காகவே ஆட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பாப்பாவிடமும் கேட்டேன். கோச் பட்டியல் எழுதப் போகிறார், உன் பெயரைக் கொடுக்கட்டுமா என்று. உடனே சரி என்று குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் ஆடினா ஊசி டப்பா யாரு வச்சுப்பாங்க?" என்றாள். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றேன். பலமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். அவள் ஆடுகிற நேரத்துக்கு மட்டும் டப்பா என்னிடம் இருக்கும். நான் கேலரியில் உட்கார்ந்து எண்ண வேண்டும். அவள் முடிக்குப் பதினொன்றுதான்.